கோழிக்கு ரெண்டு தாழ்ப்பாள்

ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தோட்டத்துப் பக்கம் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

கர்ரக். கர்ரக். கொஞ்சம் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடியும் கர்ரக்.

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஷாரோன் அப்படியே கல்லாக உட்கார்ந்துவிட்டாள். ஒன்பதரை மணிக்கு எந்த வீட்டிலும் தேங்காய் துருவ மாட்டார்கள். அதுவும் அவள் வீட்டுத் தோட்டத்தில், இருட்டில், தேங்காயே இல்லாத இடத்தில்.

வீட்டில் இருந்தது இரண்டே உயிர்கள். ஒன்று ஷாரோன். இன்னொன்று எட்டு மாதத்து நிஷா. அது எந்தச் சத்தத்துக்கும் பயப்படாது, காரணம் எல்லாச் சத்தத்தையும் விட அது போடுகிற சத்தம் பெரிது. வீட்டுக்காரன் ஆல்பர்ட் ஒரகடத்தில் செகண்ட் ஷிப்ட். கம்பெனி பஸ் அவனை உத்திரமேரூரில் இறக்கிவிட்டு, அங்கிருந்து அவன் பைக்கை உதைத்துத் திருப்புலிவனம் தாண்டி வீடு வந்து சேர ராத்திரி ஒன்றரை மணி ஆகிவிடும்.

முன்கதவைப் பற்றி ஷாரோனுக்குக் கவலை இல்லை. அதற்குத் தாழ்ப்பாள் உண்டு, கொண்டி உண்டு, பூட்டும் உண்டு. பின்கதவுக்குத்தான் ஒன்றும் இல்லை. போன மழையில் அந்தக் கதவு ஊறிப் பெருத்துப்போய் ஒருநாள் திறக்க மாட்டேன் என்றது. ஆல்பர்ட் தோளைக் கொடுத்து ஒரே இடி இடித்தான். கதவு திறந்துகொண்டது. தாழ்ப்பாள் மட்டும் மரத்தைப் பெயர்த்துக்கொண்டு கீழே விழுந்தது.

"ஞாயித்துக்கெழம போட்டுக்கலாம்" என்றான்.

அப்போது நிஷா வயிற்றில் இருந்தாள். பிறகு பிறந்தாள், குப்புற விழுந்தாள், இப்போது தவழ்கிறாள். தாழ்ப்பாள் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாகறலில் யாருக்கோ காது குத்தல். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூ இருந்தது, ஸ்குரூ டிரைவர் இல்லை. அடுத்த வாரம் டிரைவர் கிடைத்தது, ஸ்குரூவைக் காணோம்.

அதனால் ஆல்பர்ட் வேலைக்குப் போன ராத்திரிகளில் எல்லாம் ஷாரோன் ஒரு வேலை செய்வாள். நிறைந்த கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து பின்கதவுக்கு முட்டுக் கொடுப்பாள். அதை ஒட்டி அரிசி டிரம்மை இழுத்து வைப்பாள். டிரம்மின் மேல் ஒரு எவர்சில்வர் குடம். குடத்துக்குள் இரண்டு கரண்டி. யாராவது கதவைத் தள்ளினால் கரண்டி கத்தும். அந்தக் கரண்டியை நம்பித்தான் அவள் கண்ணை மூடுவது.

இப்போது கரண்டி கத்தவில்லை. கோழி கத்தியது.

ஷாரோன் ஓடிப்போய்க் குடத்தைத் தூக்கினாள். டிரம்மில் கை வைத்தாள். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது: அது மிருகமாக இல்லாவிட்டால்?

குடத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். மூடியிருந்த ஜன்னலைப் பார்த்து "சூ! சூ!" என்றாள். கோழி இன்னும் இரண்டு தரம் கத்தியது. பிறகு சத்தம் நின்றது. சத்தத்தை விட அந்த நிற்பு மோசமாக இருந்தது.

காலையில் பார்த்தால் கோழிக்கூண்டைச் சுற்றி இறகு. ஆறு பெட்டையில் புள்ளிக் கோழியைக் காணோம். சேவல் மட்டும் தனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"யாரும் எதையும் தொடாதீங்க! ஸ்பாட் அப்படியே இருக்கணும்!" என்று கத்திக்கொண்டே ஆல்பர்ட் லுங்கியோடு வந்தான்.

ஆல்பர்ட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவன் கம்பெனியில் பாதுகாப்புக் கமிட்டி மெம்பர். ஆபத்து எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து, அதைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு, பக்கத்தில் போர்டு மாட்டுவது அவன் வேலை. இரண்டு வருஷமாக அவன் லைனில் ஒரு விரல் கூட நசுங்கவில்லை. அதற்காக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அந்த டிபன் பாக்ஸில் சாப்பாடு கட்டக் கூடாது. ஷோகேஸில்தான் இருக்கும்.

"கீரி" என்றான் ஆல்பர்ட், இறகை முகர்ந்து பார்த்துவிட்டு.

"ராத்திரில கீரி எங்க தம்பி வருது?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செங்கேணி சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி. நடவு, களையெடுப்பு என்று விடிவதற்குள் கிளம்பிவிடுகிறவள். "அது பகல்ல வர்றது. இது மரநாயி. தகரத்து மேல பிராண்டி இருக்குதே, பாக்கல?"

"செக் பண்ணிகினு கீறேன்க்கா."

"பண்ணு, பண்ணு."

"ராத்திரி நா ரொம்ப பயந்துட்டேங்க" என்றாள் ஷாரோன். "பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்..."

"ஒரு மரநாய்க்குப் போயி பயப்படுவாங்களா? அது பூன சைஸு. நீ இன்னா சைஸு?" என்றான் ஆல்பர்ட். பிறகு எழுந்து நின்று, லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு சபதம் செய்தான். "இனிமே இந்த வூட்ல ஒரு கோழி கூட போவாது. ஜீரோ ஆக்சிடென்ட்."

சபதத்துக்குக் காரணம் புள்ளிக் கோழி இல்லை. சேவல். இன்னும் பத்து நாளில் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. ஆளாளுக்கு நெல், பூசணிக்காய், வாழைத்தார் என்று கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். இந்த வருஷம் சேவல் தருகிறேன் என்று ஆல்பர்ட் போதகர் ஐயரிடம் சபைக்கு நடுவில் வாக்குக் கொடுத்திருந்தான். அது சாதாரணச் சேவல் இல்லை, கன்றுக்குட்டி மாதிரி இருக்கும் என்றும் சொல்லிவிட்டான். கடவுளுக்கு என்று சொன்ன சேவலை மரநாய் தூக்கிப்போனால் ஐயர் முகத்தில் எப்படி விழிப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூவும் கிடைத்தது, ஸ்குரூ டிரைவரும் கிடைத்தது. ஆல்பர்ட் காலை நாஷ்டா முடித்த கையோடு கூண்டுக்குப் புதுக் கம்பி வலை அடித்தான். சுற்றிலும் மஞ்சள் பெயிண்ட்டில் கோடு போட்டான். 'அனுமதியின்றி உள்ளே நுழையாதீர்' என்று ஒரு போர்டு மாட்டினான். மரநாய் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போக வசதியாக, போர்டைக் கொஞ்சம் தாழ்வாகவே மாட்டினான்.

கடைசியில் பையிலிருந்து பளபளவென்று இரண்டு தாழ்ப்பாளை எடுத்தான்.

ஷாரோன் இடுப்பில் பிள்ளையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம் பின்கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு எதுக்குங்க?"

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஒண்ணு ஃபெயிலானா இன்னொண்ணு. டபுள் சேஃப்டி."

"அதுல ஒண்ணு பின்கதவுக்கு..."

"இது கோழிக்கின்னு வாங்குனது மே. சைஸ் வேற. உனுக்கு வர்ற ஞாயித்துக்கெழம."

"கோழிக்கு ரெண்டு தாப்பாவா?" வேலிக்கு அந்தப் பக்கம் செங்கேணி வாயில் கை வைத்தாள். "குடுத்து வச்ச கோழி."

கூண்டின் மேல்மூடி மட்டும் பழைய தகரம். அதன்மேல் ஒரு செங்கல். அதையும் வர்ற ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

அடுத்த வாரம் ஆல்பர்ட்டுக்கு நைட் ஷிப்ட். வெள்ளிக்கிழமை ராத்திரி மறுபடியும் தேங்காய் துருவல் ஆரம்பித்தது.

கர்ரக். கர்ரக். பிறகு செங்கல் தொப்பென்று விழுந்தது. கோழிகள் ஒரே கூச்சல். ஷாரோன் எழுந்து கதவருகே போனாள். அப்போது வெளியே ஏதோ ஒன்று வந்து கதவில் மோதியது. குடத்துக்குள் கரண்டி ணங்கென்றது.

அவள் பின்னுக்கு வந்து, தூங்குகிற பிள்ளையை வாரி எடுத்து, டிரம்மில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். வலது கைப்பக்கம் அரிவாள்மனை. ஆல்பர்ட்டுக்குப் போன் போட்டாள். அடித்தது. எடுக்கவில்லை. கம்பெனி லைனில் நிற்கும்போது போன் லாக்கரில்தான் இருக்க வேண்டும், அது பாதுகாப்பு விதி. பதினோரு தரம் அடித்துப் பார்த்தாள். பிறகு பரமண்டல ஜெபம் சொன்னாள். 'தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்' என்ற இடம் வரும்போதெல்லாம் தலை திரும்பிக் கண் தானாகத் தாழ்ப்பாள் இல்லாத இடத்துக்குப் போனது. மரம் பெயர்ந்த இடத்தில் விரல் நுழைகிற ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வெளுக்கிற வரைக்கும் அவள் உட்கார்ந்திருந்தாள். முதுகில் டிரம்மின் விளிம்பு பதிந்துபோனது.

விடிந்ததும் கறுப்புக் கோழியைக் காணோம். இரண்டு தாழ்ப்பாளும் போட்டது போட்டபடி பளபளவென்று இருந்தன.

"மேலாக்க வந்து தூக்கினு போயிருக்குது" என்றாள் செங்கேணி. "கோழி கத்துனது எனுக்கே கேட்டுதே. நா எழுந்து வந்து கொம்பால நாலு தட்டு தட்டுனேன். என்னாண்ட வரல, உன் பக்கமே பூட்ச்சி. நீ ஏன் ஷாரோனு வெளிய வரல?"

அந்தக் கேள்வியை ஷாரோன் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தின் கடைசி நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஆல்பர்ட் கூண்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். மறுநாள் ஞாயிறு, அறுப்பின் பண்டிகை. சேவல் இன்னும் ஒரே ஒரு ராத்திரி உயிரோடு இருந்தாக வேண்டும். அதைத் தூக்கி வீட்டுக்குள் வைக்கலாம் என்றால், தவழ்கிற பிள்ளைக்குக் கோழிப்பேன் ஒட்டும் என்று ஷாரோன் மறுத்துவிட்டாள்.

தூங்கி எழுந்து மத்தியானம் ஆல்பர்ட் ஒரு காலண்டர் தாளைத் திருப்பித் தரையில் விரித்தான். கம்பெனியில் 'வீட்டிலும் பாதுகாப்பு' என்று ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. வீட்டில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, காரணம் தேடி, சரிசெய்து, முன்பு எடுத்த போட்டோ, பின்பு எடுத்த போட்டோ இரண்டையும் குரூப்பில் போட வேண்டும். அன்றைக்குத்தான் கடைசி நாள்.

"அஞ்சு ஏன் போடப்போறோம்" என்றான். "எந்தப் பிரச்சினையா இருந்தாலும் ஏன், ஏன்னு அஞ்சு வாட்டி கேட்டா அடிவேரு வந்துரும். நீ எழுது. காஞ்சிபுரம் கான்வென்ட்டுல சிஸ்டருங்ககிட்ட அடி வாங்கி எழுதுன கையெழுத்து, அச்சு மாதிரி கீது."

ஷாரோன் ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். சிஸ்டர்கள் அடித்த அடி ஒன்றும் வீண் போகவில்லை என்று தோன்றியது.

"மொத ஏன். கோழி ஏன் போச்சி?"

"மரநாய் தூக்கினு போச்சி."

"எழுது. ரெண்டாவது. அது ஏன் தூக்கினு போச்சி? மேல தகரம் லூசு..."

"செங்கேணி அக்கா கூண்டு மேலயும் வெறும் தகரம்தாங்க. அதுக்குச் செங்கல் கூட இல்ல. அங்க ஒரு எறகு கூட போவலயே?"

ஆல்பர்ட் யோசித்தான். "கரெக்ட்டு. ரெண்டு எடத்துலயும் ஒண்ணா இருந்தா அது காரணம் இல்லன்னு ட்ரெயினிங்லயே சொன்னாங்க. அப்ப அங்க ஏன் போவல?"

"கோழி கத்துனா அவங்க ஒடனே வெளிய வந்து கொம்பு தட்றாங்க. நம்ம வூட்ல யாரும் வர்றதில்ல."

"சூப்பர். அத்த எழுது. மூணாவது, ஏன் யாரும் வர்றதில்ல?"

"பின்கதவத் தொறக்க ஆறு நிமிசம் ஆவுது."

"ஆறு நிமிசமா! எமர்ஜென்சி எக்சிட் ஆறு செகண்டுல தொறக்கணும் மே! நாலாவது. ஏன் ஆறு நிமிசம்?" ஆல்பர்ட்டுக்கு வேகம் வந்துவிட்டது. தொடையில் தட்டிக்கொண்டு கேட்டான்.

"குடத்த எறக்கணும். டிரம்ம இழுக்கணும். சிலிண்டர உருட்டணும்."

"வெளிய போற வழில சிலிண்டரா! யாரு வச்சது? கம்பெனியா இருந்தா மெமோ குடுத்துருவான். அஞ்சாவது. ஏன் அங்க சிலிண்டர் கீது?"

ஷாரோன் தலையைத் தூக்கவில்லை. நிதானமாக எழுதிக்கொண்டே சொன்னாள்.

"கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல."

தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நிஷா தவழ்ந்து வந்து ஸ்கெட்ச் பேனா மூடியை வாயில் போட்டாள். யாரும் கவனிக்காததால் அவளே துப்பிவிட்டாள்.

"ஆறாவது ஏன் கேக்கலாமாங்க?" என்றாள் ஷாரோன்.

"வாணாம், வாணாம். அஞ்சுதான் ரூலு" என்றான் ஆல்பர்ட் அவசரமாக. "அப்புறம் மனுசன் பேரக் காரணமா எழுதக் கூடாது. அதுவும் ரூலு."

"நா எழுதலயே. 'பொறுப்பு'ன்னு ஒரு கட்டம் கீதே, அதுல எழுதட்டா?"

"அதுல எழுதலாம்" என்றான் மெல்ல. "தேதி ஞாயித்துக்கெழமன்னு போடு."

"பின்பு எடுத்த போட்டோ இன்னிக்கே அனுப்பணும்னு சொன்னீங்க?"

ஆல்பர்ட் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், கூண்டின் மேல்தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தான். சைஸ் வேற என்றானே, அது என்ன சைஸ் என்று ஷாரோன் கேட்கவில்லை. கச்சிதமாகப் பொருந்தியது.

பொருந்தியது என்று சொல்லிவிட்டாலும் லேசில் பொருந்தவில்லை. நிலையில் பெயர்ந்த இடத்தைக் கரையானும் கொஞ்சம் தின்றிருந்தது. கட்டை செதுக்கி, ஓட்டையில் அடித்து, அதன்மேல் ஸ்குரூ ஏற்றி முடிப்பதற்குள் சாயங்காலம் போய் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. போட்டோ எடுத்தான். ஷாரோன் எழுதி முடித்திருந்த தாளில் அடியில் ஒரு கையெழுத்துப் போட்டு, அதையும் போட்டோ எடுத்துக் குரூப்பில் தட்டிவிட்டான். இரண்டே நிமிஷத்தில் சேஃப்டி ஆபீசர் ராஜாராமிடமிருந்து பதில் வந்தது: 'மிக நன்று ஆல்பர்ட். முக்கியமாக இடைக்கால நடவடிக்கை அருமை.'

"இன்னாது இடைக்கால நடவடிக்க?" என்றான் ஆல்பர்ட்.

அப்போதுதான் தாளைப் படித்தான். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று லைனில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பான்! கடைசிக் கட்டத்தில் அச்சுப்போல எழுதியிருந்தது: 'கூண்டின் தகரம் சரியாகும் வரை இரவு முழுவதும் நேரடிக் கண்காணிப்பு. இடம்: கூண்டருகே. பொறுப்பு: ஆல்பர்ட்.'

"இது இன்னாத்துக்கு மே என் பேரு?"

"பொறுப்புன்னு ஒரே கட்டம்தாங்க இருந்திச்சி. அதுல ஏற்கெனவே உங்க பேரு இருந்திச்சி."

"எதுக்கு ராத்திரி பூரா வெளிய..."

"ஒரு மரநாய்தானங்க? பூன சைஸு."

பத்து மணிக்கு ஆல்பர்ட் மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனான். கம்பெனியில் கொடுத்த பச்சை ஜாக்கெட், இருட்டில் மின்னுவது. கழுத்தில் விசில். கையில் டார்ச்.

"தாழ்ப்பாள் போட்டுறாத. தண்ணி குடிக்க வருவேன்" என்றான்.

ஷாரோன் கதவை வெறுமனே சாத்தினாள். புதுத் தாழ்ப்பாள் வேலையில்லாமல் பளபளத்தது. குடம், டிரம், சிலிண்டர் எல்லாம் அடுப்படியில் அதனதன் இடத்தில் இருந்தன. அவளுக்கு அந்த இடம் மொட்டையாகத் தெரிந்தது. ஆனாலும் வெளியே ஆள் இருக்கிறது என்று படுத்தாள்.

பதினொன்று ஆகவில்லை. கதவு படாரென்று திறந்தது. தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பச்சையாக மின்னிக்கொண்டு ஆல்பர்ட் உள்ளே நின்றான்.

"சத்தம் கேக்குது" என்றான். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

"இன்னா சத்தம்?"

"யாரோ... தேங்கா துருவுறாங்க."

"அது நகம்ங்க. தகரத்து மேல பிராண்டுது."

"எனுக்கும் தெரியும். ஆனா அது மரநாயா இல்லாம வேற எதுனா..."

அவன் முடிக்கவில்லை. ஷாரோன் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது மாதமாகத் தன் வயிற்றில் கிடந்த பயம் இப்போது அந்த முகத்தில் இருந்தது.

வெளியே கோழி கத்தியது.

அவள் எழுந்தாள். மூலையில் இருந்த ஒட்டடைக் கொம்பை எடுத்தாள். குடம் இல்லை, டிரம் இல்லை, சிலிண்டர் இல்லை. மூன்றே எட்டு. வெளியே வந்துவிட்டாள். துவைக்கிற கல்லின் மேல் ஓங்கி நாலு தட்டுத் தட்டி, "த்தூ! ஓடு!" என்று கத்தினாள். தன் குரலா அது என்று அவளுக்கே இருந்தது. தகரத்தின் மேலிருந்து நீள வாலோடு கறுப்பாக ஒன்று எகிறி, முருங்கை மரத்தைத் தொட்டு, வேலியைத் தாண்டிக் கழனிப் பக்கம் போய்விட்டது. உண்மையாகவே பூனை சைஸ்தான்.

கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பெட்டை நாலும் இருந்தன. சேவல் இருந்தது. பண்டிகைக்குத் தயார் என்பதுபோல முழித்துக்கொண்டிருந்தது. செங்கல்லைத் தகரத்தின்மேல் எடுத்து வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை.

உள்ளங்கையால் அழுத்தித் தள்ளினாள். தோளைக் கொடுத்து ஒரு இடி இடித்தும் பார்த்தாள். ஒன்பது மாதமாக விரலால் தொட்டாலே திறந்துகொண்ட கதவு, இம்மி அசையவில்லை.

"இன்னாங்க. நாந்தான். தொறங்க."

உள்ளேயிருந்து ஆல்பர்ட்டின் குரல் கதவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "அது பூட்ச்சா?"

"பூட்ச்சி."

"நல்லா பாத்தியா?"

வேலிக்கு அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம் ஆடியது. செங்கேணி கையில் கொம்போடு நின்றாள்.

"இன்னா ஷாரோனு, கோழி போச்சா?"

"போவலக்கா."

"பின்ன இந்நேரத்துல வெளிய இன்னா பண்ற?"

ஷாரோன் கதவை இன்னொரு இடி இடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"புதுசா தாப்பா போட்டோம்க்கா. எப்டி கீதுன்னு பாத்துகினு கீறேன். நல்லாதான் கீது."